ராஜா வேட்டைக்குப் போயிருக்காவ

சன்னல் பக்கம் நீயே உக்காரு தாயி. எனக்கு வேண்டாம். காத்து மூஞ்சியில அடிச்சா கண்ணுல தண்ணி வரும், பாக்குறவன் இந்தக் கிழவி அழுதுக்கிட்டே வாராளேன்னு நினைப்பான். நான் அழலை. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா நகட்டு. ஆங், போதும்.

நானும் மதுரைதான். என்ன அப்படிப் பாக்க? எழுபத்தஞ்சு வயசுல ஒத்தையில பஸ் ஏறக்கூடாதுன்னு சட்டமா போட்டிருக்கு? அந்தக் கண்டக்டர் பயலைப் பாத்தியா, "பாட்டி, சில்லறையா குடு"ங்கான். பாட்டியாம்! எங்க ஊருல என்னைப் பாத்தா பேச்சை நிப்பாட்டிட்டு எந்திச்சு நிப்பானுவ. இப்ப நிக்கமாட்டானுவ, அது வேற. ஒருகாலத்துல நின்னானுவ.

செவலப்பாறை கேள்விப்பட்டிருக்கியா? புளியங்குடிக்கு மேக்க, மலையை ஒட்டி. செவலப்பாறை ஜமீன். நான் அந்த ராஜாவோட மூத்த பிள்ளை, வடிவு நாச்சியார். சிரிக்காத. ராஜா மகள்னா என்ன, பட்டுக் கட்டிப் பல்லக்குல வருவாளா? ஜமீனை சர்க்காரு எடுத்தப்ப நான் கைப்பிள்ளை. வயலு போச்சு, தோப்பு போச்சு. மிஞ்சுனது அரண்மனைங்கற பேருல ஒரு வீடு. மழை பெஞ்சா பத்து இடத்துல சட்டி வைக்கணும். ஆனா ராஜா ராஜாதான். ஆனி மாசம் எங்க கோயில் தேரு, ராஜா வந்து வடத்தைத் தொட்டுக் குடுத்தாத்தான் அசையும். கலெக்டரே வந்தாலும் ஓரமா நிக்கணும். இந்த வருசமும் அடுத்த வாரம் கொடியேத்தம்.

எதுக்குப் போறேன்னா கேக்க? என் பெரிய தம்பியைக் கூட்டிட்டு வரப் போறேன். அவன் பேரு வெள்ளத்துரை. சின்னவன் பூமி இருக்கான்ல, பூமிராஜா, அவன்தான் இப்ப எங்க ராஜா. அவன் இன்னைக்குக் காலம்பற வேட்டைக்குப் போயிட்டான்.

ஐயோ, அந்த வேட்டை இல்ல தாயி. துப்பாக்கிய கண்டானா அவன்? ஒரு கோழியைப் பிடிச்சுத் தரமாட்டான். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லணும். எங்க வீட்டுல ராஜா சாகமாட்டாவ. அந்தச் சொல்லை வாயில எடுக்கவே கூடாது. ராஜா வேட்டைக்குப் போயிருக்காவ, அம்புட்டுதான்.

ஆமா. போயிட்டான். அதான் சொல்லுதேன். நீ ஒண்ணும் கையைப் பிடிக்க வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்.

வழக்கத்தைச் சொல்லுதேன் கேளு, அப்பத்தான் உனக்கு விளங்கும். எங்க வம்சத்துல பட்டத்துக்கு வாரவன் செத்த ராஜா முகத்தைப் பாக்கக்கூடாது. மாலை போடக்கூடாது, கொள்ளி வைக்கக்கூடாது. கொள்ளி வைக்க வேற ஒருத்தன். எவன் அந்த முகத்தைப் பாத்தானோ அவன் ஆயுசுக்கும் பட்டத்துக்கு ஆகமாட்டான். பட்டத்துக்கு வாரவனைத் தோட்டத்து வீட்டுல தனியா வச்சிருப்பாவ. இங்க கட்டை எரிஞ்சு அடங்குன பொறவுதான் அவனைக் கூட்டிட்டு வந்து தலைப்பாக் கட்டுறது. பூசாரி ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாரு: "வேட்டைக்குப் போன ராஜா திரும்பி வாற வரைக்கும் நீரு இரும்." வேற மந்திரம் ஒண்ணும் கிடையாது. நல்ல வழக்கம்தான். அழுது வீங்குன மூஞ்சியோட ஒருத்தன் வந்து வடத்தைத் தொட்டா நல்லாவா இருக்கும்?

ஆனா ரெண்டு ஆம்பளைப் பிள்ளை இருக்குற வீட்டுல இந்த வழக்கம் என்ன பாடு படுத்தும்னு யோசிச்சுப் பாரு. எங்களைப் பெத்த அய்யாவுக்கு ஒரு இருமல் வந்தாப் போதும், ஊரே இவனைப் பாக்கும், அவனைப் பாக்கும். எவன் உள்ள போறான், எவன் வெளிய நிக்கான்னு.

வெள்ளத்துரை உள்ள போவான். போயி அய்யா காலை எடுத்து மடியில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்துருப்பான். நான் அப்பவே சொன்னேன், இவனுக்குப் பட்டத்துல அக்கறை இல்லைன்னு. அக்கறை இருக்குறவன் அந்த அறைக்குள்ள போவானா? எந்த நேரம் என்ன ஆகும்னு பயப்படமாட்டானா? சும்மா நடிப்பு.

மூத்தவனுக்குத்தானே பட்டம்னு நீ கேப்ப. எல்லாரும் அதைத்தான் கேப்பாவ. மூத்தது நான். மூத்த ஆம்பளைன்னு வேணா சொல்லு. அய்யாவுக்குப் பிறந்த முத பிள்ளை நான்தான். வடத்தை எப்படித் தொடணும், எந்தக் கையை முன்ன வைக்கணும், எப்பத் தலைப்பாவைச் சரி பண்ணணும், எல்லாம் என்னை மடியில வச்சுக்கிட்டு அய்யா சொல்லித் தந்தாவ. வெள்ளத்துரை பிறந்த அன்னைக்கு இறக்கிவிட்டாவ. நான் அதுக்காக ஒண்ணும் வருத்தப்படலை. ஐஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

என்னையும் ஒரு ஜமீன்லதான் கட்டிக் குடுத்தாவ. சின்ன ஜமீன். அங்க நான் மூணாவது மருமக. மூத்தவ சாப்பிட்டுக் கை கழுவ நான் செம்புல தண்ணி எடுத்து நிக்கணும். நானா? எங்க அம்மா பூமியைப் பெத்துப் போட்டு ரெண்டு வருசத்துல போய்ச் சேந்துட்டா. காரியத்துக்கு வந்தவ, அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சேன், இறக்கலை. திரும்பிப் போகவே இல்ல. அவுக ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாவ, பாவம், நல்ல மனுசன். பிள்ளையை விட்டுட்டு எப்படி வாரதுன்னுட்டேன். பிள்ளைக்காகத்தான். வேற எதுக்கு?

என்னைத்தான் "ம்மா"ன்னு கூப்பிட்டான் முதல்ல. நான்தான் அடிச்சு "அக்கா"ன்னு சொல்ல வச்சேன். ராஜா வீட்டுப் பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடணும்னு ஒரு இது இருக்குல்லா?

அய்யா போனது ஒரு மத்தியானம். சாப்பிட்டுப் படுத்தாவ. நான் மோரு கொண்டு போறேன், எந்திக்கலை. தொட்டுப் பாத்தேன். சரின்னு கதவைச் சாத்திட்டு வந்தேன். அடுக்களையில ரெண்டு பொம்பளைவ, வாசல்ல வேம்புன்னு ஒரு வேலைக்காரன். மூணு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன், எவ வாயில இருந்தாவது ஒரு சத்தம் வந்துச்சு, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்னு. பூமி தோட்டத்து வீட்டுல படிச்சுக்கிட்டிருந்தான். காலேஜ் லீவு. அவன்கிட்டப் போயி, "அய்யா வேட்டைக்குப் போயிருக்காவ, நீ வெளிய வராத"ன்னேன். பிள்ளைக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "யக்கா, நெசமாவா?"ன்னான். கதவைப் பூட்டிட்டேன்.

வெள்ளத்துரை அரிசி மில்லுல நின்னான். வேம்புகிட்டச் சொன்னேன்: "போயிச் சொல்லு, அய்யாவுக்கு மூச்சு வாங்குது, உடனே வரச் சொன்னாவன்னு."

ஏன் அப்படிப் பாக்க? பொய்யா? அந்த நேரத்துல அப்படித்தான் சொல்லி அனுப்புவாவ. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். தூரத்துல இருக்குறவன் தடுமாறி விழுந்துரக்கூடாதுல்லா? உங்க வீட்டுல சொன்னதில்லையா?

சைக்கிளை வாசல்ல போட்டுட்டு ஓடி வாரான். மேலெல்லாம் தவிடு. செருப்பு இல்ல. நேரா உள்ள போயிட்டான். நான் நிலைப்படியில நிக்கேன். அய்யா முகத்தை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு "அய்யா, அய்யா, நான் வந்துட்டேன்"னு சொல்லுதான். பொறவு என்னை நிமிந்து பாத்து, "எப்பக்கா?"ன்னான். "சாப்பிட்ட கையோட"ன்னேன். யோசிச்சான். வேம்பு வந்து சொன்ன நேரத்தை யோசிச்சிருப்பான். "சரிக்கா"ன்னான்.

அந்தச் "சரி" இருக்கே, அதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம். பொறவுதான் நான் பொம்பளைவளை அழச் சொன்னேன்.

அய்யா மனசுல இருந்தது பூமிதான். வாயால சொல்லலை. ஆனா எனக்குத் தெரியாதா? வெள்ளத்துரை ராஜாவாகியிருந்தா அவன் பொண்டாட்டி வந்து சாவிக்கொத்தைக் கேட்டிருப்பா. பூமின்னா அரண்மனை அரண்மனையா இருக்கும். எல்லாருக்கும் நல்லதுதானே பாத்தேன்? எனக்குன்னு ஒரு துரும்பு எடுத்துக்கிட்டது இல்ல.

கொள்ளி வச்சான், காரியம் முடிச்சான், போயிட்டான். டயர் கடை வச்சான், பொண்ணுவளைக் கட்டிக் குடுத்தான். நல்லா சிரிச்சுக்கிட்டு, தொப்பையும் போட்டுக்கிட்டு இருக்கான். எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கலை இன்னைக்கு வரைக்கும். ஆனா வருசா வருசம் தேருக்கு வருவான். பூமி தலைப்பாவோட வடத்தைத் தொட்டுக் குடுப்பான், இவன் சட்டையைக் கழத்திட்டு ஊரு சனத்தோட நின்னு அதே வடத்தைப் பிடிச்சு இழுப்பான். வெக்கமே கிடையாது. இழுத்துட்டு, வேர்வையோட அண்ணாந்து தம்பியைப் பாத்து ஒரு சிரிப்பு. அன்னைக்கு ஒரு நாள்தான் பூமி மூஞ்சியில உயிரு இருக்கும்.

பூமியைத்தான் சொல்ல வந்தேன், எங்கெங்கயோ போறேன்.

தலைப்பாக் கட்டுன அன்னைக்கு பூசாரி சொன்னாருல்லா, வேட்டைக்குப் போன ராஜா திரும்பி வாற வரைக்கும் நீரு இரும்னு. அதை அவன் அப்படியே பிடிச்சுக்கிட்டான். அய்யா நாற்காலியில ஒரு நாள் உக்காந்தது கிடையாது. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருவான். வாசக்கதவைத் தாழ் போட விடமாட்டான். "அய்யா வந்தா தட்டிக்கிட்டு நிக்கணுமாக்கா?"ம்பான். பைத்தியம்னு நினைச்சிராத. பி.எஸ்ஸி. படிச்சவன். பேப்பர் படிப்பான், கோயில் விசயத்துல வக்கீலையே மடக்குவான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? புத்திக்குத் தெரியும். காதுக்குத்தான் தெரியலை. விடியக்காலம் எந்திச்சு வாசல்ல நிப்பான். என்னல நிக்கன்னா, "ஜீப் சத்தம் கேட்டுதுக்கா"ம்பான்.

அய்யாவோட ஜீப் கொட்டகையில கிடக்கு, அதுக்குள்ள வேப்பங்கன்னு முளைச்சு மரமாகிப் போச்சு. ஒரு நாள் அவனே கேட்டான், "ஜீப்பு இங்க நிக்கே, அய்யா எதுலக்கா போனாவ?"ன்னு. அவன் அப்படிக் கேட்டது என்கிட்ட ஒரு வார்த்தை வாங்கத்தான்னு இப்பத் தோணுது. நான் அன்னைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நடந்து போயிருக்காவ"ன்னேன். பின்ன என்ன சொல்ல? அவன் ராஜா. ராஜாகிட்ட அந்தச் சேதியை எவரும் சொல்லக்கூடாது. நானே வழக்கத்தை மீறுனா மத்தவன் மதிப்பானா?

பொண்ணு பாத்தேன். ஒண்ணா ரெண்டா? நல்ல நல்ல இடம். "அய்யா வரட்டும்க்கா, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் பண்ணிக்கிடுதேன்"ம்பான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான். நானும் சிரிச்சேன். ஒரு வருசம் போச்சு, பத்து வருசம் போச்சு, தலை நரைச்சுப் போச்சு. ஒரு புள்ளை இல்ல, குட்டி இல்ல. எனக்கு அதுலதான் ஆத்தாமை.

ஒண்ணு சொல்லுதேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் அய்யா முகத்தைப் பாத்தவ. குளிப்பாட்டி, நெத்தியில காசு வச்சவ. எனக்கு அந்தச் சத்தம் கேக்கக்கூடாதுல்லா? போன மார்கழியில எனக்கும் கேட்டுது தாயி. ஜீப் சத்தம். கியர் மாத்துறது கூடக் கேட்டுது. நான் எந்திச்சு வந்து பாத்தா பூமி வாசல்ல நிக்கான். என்னைத் திரும்பிப் பாத்தான். "உனக்கும் கேக்காக்கா?"ன்னான். இல்லைன்னுட்டேன். நானும் சேந்து ஆமான்னு சொன்னா வீட்டுல யாரு மிச்சம்?

அப்பத்தான் கேட்டான், "யக்கா, அய்யா முகம் எப்படி இருந்துச்சு? ஒரு தடவை சொல்லேன். நான் யார்கிட்டயும் கேட்டேன்னு சொல்லமாட்டேன்"னு. அறுபது வயசை எட்டப் போறவன், சின்னப் பிள்ளை மிட்டாய் கேக்குற மாதிரி கேக்கான். நான் "போயிப் படு"ன்னேன். போயிட்டான்.

சொல்லியிருக்கலாம். நல்லாத்தான் இருந்துச்சு அய்யா முகம். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல.

இன்னைக்குக் காலம்பற நான் அடுக்களையில பால் காய்ச்சுதேன். வேம்பு வாரான். அவனும் கிழவனாயிட்டான். பின்வாசல்ல நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நாச்சியாரே, ராஜா வேட்டைக்குப் போயிட்டாவ"ன்னான். வாசல்ல ஸ்டூல்ல உக்காந்தபடியே சாஞ்சு கிடந்தானாம். கதவு திறந்து கிடந்துச்சாம். வேம்புதான் வெள்ளத்துரைக்குப் போன் போட்டிருக்கான். அவன் "இந்தா கிளம்பிட்டேன், அக்காவை அவன் பக்கத்துல இருக்கச் சொல்லு"ன்னானாம்.

பாலை இறக்கி வச்சேன். பையை எடுத்தேன். பின்வாசல் வழியா வந்து பஸ் ஏறிட்டேன்.

என்ன கேக்க? ஆமா, டயர் கடை தென்காசியில. ஆமா தாயி, தென்காசி அந்தப் பக்கம், இந்த பஸ் மதுரைக்குப் போகுது. எனக்குத் தெரியாதா? நான் பிறந்து வளந்த ஊரு. அவன்தான் கிளம்பிட்டானே, பொறவு யாரைக் கூப்பிடப் போறேன்னு கேக்க. நீ ரொம்பத்தான் கேக்க.

அங்க நின்னா என்னைக் கொண்டு போயித் தலைமாட்டுல உக்கார வைப்பாவ. வளத்தவ நான்தானே. வேற யாரை உக்கார வைப்பாவ? அப்ப நான் எங்க பாக்க? சுவத்தையா?

நீயே கணக்குப் போட்டுப் பாரு. வெள்ளத்துரை முகம் பாத்தவன், ஆகாது. அவன் பொண்ணுவ வேற வீட்டுக்குப் போனவ. பூமிக்குப் புள்ளை இல்ல. அடுத்த வாரம் கொடியேத்தம். வடத்தைத் தொட ஒரு கை வேணும்ல? வெள்ளத்துரை சொல்லுவான், "பட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊரு சனமே இழுத்துக்கிடட்டும்"னு. சொல்லுவான், அவனுக்கென்ன. பொம்பளை இருந்ததில்லையான்னா, இருந்திருக்கா. எங்க வம்சத்துல ஒரு பெரிய நாச்சியார் தலைப்பாக் கட்டி இருந்திருக்கா. நான் எனக்காகக் கேக்கலை தாயி. ஆனா மூத்தது நான். நானும் அய்யா முகத்தைப் பாத்தவதானேன்னு கேப்ப; அன்னைக்கு என்னைப் பட்டத்துக்கு எவன் எண்ணுனான், அது கணக்குல வராது. வலது கையை முன்ன வைக்கணும், இடது கை பின்ன. அது இன்னைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பூமி முகத்தைப் பாக்கலை.

இரு, போன் அடிக்குது, வெள்ளத்துரையாத்தான் இருக்கும். அவன்தான். இதுல எந்தப் பொத்தான்... நீ எடு. நான் இல்லைன்னு சொல்லு. ஏ, எதை அமுக்குன? பஸ்ஸுக்கே கேக்குற மாதிரிப் பேசுதான்!

கேட்டியா? "யக்கா, எங்க இருக்க? நீ வந்து முகம் பாக்காம எடுக்கமாட்டேன். இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு. ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன். நான் அய்யா முகத்தைப் பாத்தேம்லா, அதான் நல்லாருக்கேன். உனக்கு அவன் தம்பி இல்லக்கா, பிள்ளை. வந்துரு." அழுதுக்கிட்டே பேசுதான் மடப்பய. எப்படி மடக்குதான் பாத்தியா? எரிஞ்சு அடங்காம தலைப்பாக் கட்ட முடியாது. நான் வராம எரிக்கமாட்டானாம். ஐஸ் பெட்டியில போட்டு வைப்பானாம், குளிர் தாங்காத பிள்ளையை.

நீயும் அந்தப் பார்வை பாக்காத. திரும்பிப் போன்னு சொல்லுத. அந்தா எதுக்க வருது தென்காசி பஸ்ஸு, கண்டக்டர்கிட்டச் சொன்னா இறக்கி விட்டுருவான். எனக்குத் தெரியும். ஆனா போயிப் பாத்தேன்னு வையி, பாத்துட்டா அவன் செத்துருவான் தாயி. இப்ப இந்த நிமிசம் வரைக்கும் அவன் வேட்டைக்குத்தான் போயிருக்கான். நான் பாக்கலைல்லா.

போயிருச்சா அந்த பஸ்ஸு? சரி. போகட்டும்.

அந்தப் போனை இன்னொரு தடவை போடு. நான் பேசலை, நீ பேசு. ஒண்ணே ஒண்ணு கேளு. பூமி சின்னதுல இருந்து வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். ஈ கீ போயிருமேன்னு நான்தான் பக்கத்துல படுத்துக்கிட்டு, எந்திச்சு எந்திச்சு மூடி விடுவேன். வெள்ளத்துரைக்கு அது தெரியாது. யாராவது பிள்ளை வாயை மூடி விட்டாவளான்னு கேளு தாயி. அதை மட்டும் கேட்டுச் சொல்லு.